வில்ஃப் கிளெக் வீட்டுக்குப் போன வழி

டோரீன் கிளெக்குக்கு அறுபத்தொன்பது வயது. அவளுடைய கோபத்துக்கு ஐம்பது. இரண்டில் கோபத்துக்குத்தான் உடம்பு நன்றாக இருந்தது; மூட்டுவலி, சர்க்கரை எதுவும் அதை அண்டவில்லை.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு சமைத்து ஓய்வு பெற்றவள். அது பிழைப்பு. அவளுடைய உண்மையான பதவி ஸ்கார்பெக் திரைப்படச் சங்கத்தின் சீட்டு எண்ணுபவள் என்பது. படம் பார்க்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு கொடுப்பார்கள். ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். வெளியே வரும்போது தன் மதிப்பெண் எதுவோ அந்த எண்ணருகே சீட்டை லேசாகக் கிழித்து பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பின்பக்கம் கருத்து எழுதலாம், பெயர் எழுதக் கூடாது. முகத்துக்கு நேரே எதையும் சொல்லிப் பழகாத யார்க்‌ஷயர் ஜனங்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. தேநீர் வேளையில் டோரீன் சராசரியைக் கரும்பலகையில் எழுதி, கருத்துகளை ஒன்றுவிடாமல் வாசிப்பாள். எதையும் தாண்டக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வருடத்தில் ஒரு கால் மதிப்பெண்கூட அவள் கையில் பிசகியதில்லை.

கோபத்தின் காரணம் கிரிஸ்பின் வேலன்ஸ் என்ற இயக்குநர். தெற்கத்திக்காரர். ஏழு படம் எடுத்தார்; ஏழிலும் வடக்கு இங்கிலாந்து, ஏழிலும் மழை. ‘ஈரச் சாம்பல்’ படத்தை எடுக்க அவர் ஸ்கார்பெக்குக்கு வந்த ஜூன் மாதம் பாவம், வெயில் கொளுத்தியது. அவர் மனம் தளரவில்லை. தீயணைப்பு வண்டியை வரவழைத்து எங்கள் ஊருக்குரிய சோகத்தைக் குழாய் மூலம் வழங்கினார்.

டோரீனின் அப்பா வில்ஃப், கம்பளி மில்லில் வேலை பார்த்தவர். மூட்டை விழுந்து ஒரு பாதம் நசுங்கியதால் தள்ளாடித் தள்ளாடித்தான் நடப்பார். அவரைப் பார்த்ததும் வேலன்ஸுக்குக் கண் மின்னியது. எப்போதும் போல வீட்டுக்கு நடந்தால் போதும் என்றார். வில்ஃபும் சரிவான கல்தெருவில், சுவரைப் பிடித்தபடி நடந்தார்.

மறு வருடம் ஊரே நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு படம் பார்க்கப் போனது. திரையில் ஒரு மதுக்கடையின் கதவு ஆடி அடங்குகிறது. அடுத்த காட்சி, தள்ளாடி வரும் வில்ஃப். கடைசியில் பெயர்ப்பட்டியல்: ‘குடிகாரர் – வில்ஃப் கிளெக்.’

வில்ஃப், மதுவை விலக்கும் மெதடிஸ்டு சபைக்காரர். ஒன்பது வயதில் தேவாலயத்தில், வாழ்நாளில் மதுவைத் தொட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர். கல்யாண விருந்தில்கூட எலுமிச்சைச் சாறுதான். அந்தப் படத்துக்குப் பிறகு, அங்கே அவர் ஏந்திவந்த காணிக்கைத் தட்டை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். மில் வாசலில், கூட வேலை பார்த்த ரான் பிக்கிள்ஸ் இல்லாத கோப்பையைத் தூக்கிக் காட்டி வணக்கம் சொல்வான். வில்ஃப் சாகும்வரை அந்தத் தெருவில் நடக்கவில்லை; நசுங்கிய காலோடு கால்வாய்ப் பக்கம் சுற்றிக்கொண்டு போனார்.

படத்தின் புகழ் மட்டும் நேர்வழியில் நடந்தது. நடிப்பு என்றால் இதுவல்லவா என்றார்கள் ரசிகர்கள். அந்தக் குடிகாரர் தொழிற்புரட்சியின் வீழ்ச்சி என்று ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் எழுதினார். பட்டியலில் இருந்த ‘குடிகாரர்’ என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லி டோரீன் வேலன்ஸுக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் பதில் வந்தது: கையெழுத்திட்ட மூன்று புகைப்படங்கள். மூன்றிலும் அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, புதுப்பித்த பிரதியோடு இயக்குநரே வருகிறார் என்று சங்கம் அறிவித்ததும், டோரீன் தன் நல்ல கோட்டை இஸ்திரி போட்டாள்.

மண்டபத்தில் ஐம்பத்தெட்டுப் பேர். படம் முடிந்ததும் வேலன்ஸ் மேடையேறி, புதிய பிரதியில் பெயர்ப்பட்டியல் வேலை மட்டும் பாக்கி, அடுத்த வாரம் முடிந்துவிடும் என்றார். டோரீன் எழுந்தாள்.

“எங்கப்பா குடிச்சதே கிடையாதுங்க. கால் நசுங்கினதால வந்த நடை அது. நீங்கதான் நடக்கச் சொன்னீங்க. அப்புறம் நீங்களே அதுக்கு முன்னாடி ஒரு பப்புக் கதவை ஒட்டிட்டீங்க. கதவை வச்சுக்குங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துருங்க.”

வேலன்ஸ் கருணையோடு தலை சாய்த்தார்.

“அம்மணி, திரையில நடக்கிறது உங்கப்பா இல்ல. ஒரு யுகம். யுகத்துகிட்ட போயி, குடிச்சியா குடிக்கலயான்னு கேக்க முடியுமா?”

அவை கைதட்டியது. டோரீனைத் தவிர ஐம்பத்தேழு பேரும் தட்டினார்கள். ரான் பிக்கிள்ஸ் எண்பத்திரண்டு வயதிலும் உற்சாகமாகத் தட்டினான். டோரீன் சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போட்ட சத்தம் மேடைவரை கேட்டது.

தேநீருக்கு எழுந்து வந்தவர்கள் சீட்டைப் போட்டு முடித்ததும், அங்கேதான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். முதல் சீட்டு ஒன்றில் கிழிந்திருந்தது. இரண்டாவதும் ஒன்று. மூன்றாவது இரண்டு, யாரோ மிகவும் மரியாதைக்காரர். மூன்று தடவை எண்ணினாள். சராசரி 1.4. கணப்பு ஓடாத ஒரு ஜனவரி மாலையில், பார்லி வளர்வதை மூன்று மணிநேரம் காட்டிய படம்கூட 2.3 வாங்கியிருந்தது.

அவளுக்கு மனம் குளிரவில்லை. உச்சி மயிர் வரை கோபம் ஏறியது. பலகையில் எண்ணைச் சுண்ணக்கட்டி உடையும்படி அழுத்தி எழுதிவிட்டு, விதிப்படி வாசிக்கத் தொடங்கினாள். வில்ஃப் எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பழுது பார்த்தார், அவர் மேல் எண்ணெய் வாசனை மட்டும்தான் அடிக்கும் என்றது ஒன்று. அடுத்தது பெரிய எழுத்துகளில் இருந்தது. அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும்.

“‘மூட்டை விழுந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். வில்ஃப் குடிக்க மாட்டார்னு எனக்கு அப்பவே தெரியும்.’”

டோரீன் சீட்டை இறக்கினாள். பெயர் சொல்லக் கூடாது என்பது விதி; பார்க்கக் கூடாது என்று விதியில் இல்லை. ரானைப் பார்த்தாள்.

“அம்பது வருசமா இதைப் பையிலயா வச்சிருந்தீங்க? உசுரோட இருந்தப்ப அந்த மனுசன்கிட்ட ஒருத்தர் சொல்லியிருக்கலாமில்ல? பத்து நிமிசம் முன்னாடி நான் நின்னு கேக்கறப்பகூடக் கைதட்டினீங்களே.”

ஒருவரும் பிஸ்கட்டைக் கடிக்கவில்லை. ரான் தன் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன் போலத் தேடினான்.

வேலன்ஸ் யாரையும் பார்க்கவில்லை, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கடிதத்தைத் தாங்கிய அவருடைய கலை உண்மை 1.4-ஐத் தாங்கவில்லை. அருகில் வந்து, தாழ்ந்த குரலில், வார்த்தையை மாற்றினால் அந்த எண்ணை ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாமா என்று விசாரித்தார்.

“மார்க்கு மார்க்குதான். அடுத்த மாசப் படம் வரைக்கும் அது அங்கதான் இருக்கும்.”

மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பேனாவை எடுத்தார். வேறு வழி தோன்றாத ஆளின் முகம்.

“சரி. உங்கப்பா பேருக்கு முன்னால என்ன போடட்டும்?”

டோரீன் யோசிக்கவே இல்லை.

“வீட்டுக்குப் போறவர்.”

அவர் எழுதும்வரை பக்கத்திலேயே நின்று, ‘கிளெக்’கில் எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு பையிலிருந்து மூன்று புகைப்படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓரத்தில், ஒன்று என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் சரியாகக் கிழித்து, அவருடைய கோப்பைக்கு அருகில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று கோப்பைகளை ரான் பிக்கிள்ஸ் கழுவினான். ஐம்பத்தெட்டையும்.