பேனாவைத் திறக்காத மாதம்

போன மாதம் முழுக்க எங்கள் ஆபீஸில் ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை.

ஸ்ட்ரைக்கா? இல்லை. மைத் தட்டுப்பாடா? அதுவும் இல்லை. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. விவரமாகவே சொல்கிறேன்.

அரசாங்கத்துக்குப் பட்ஜெட்டில் துண்டு விழுந்துவிட்டது. நீங்கள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். எங்களுக்கு அதற்கு முன்பே தெரியும். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியும் எங்கள் ரப்பர் ஸ்டாம்பில் இன்னும் மதராஸ்தான்! புது ஸ்டாம்பு கேட்டு எழுதினால், 'சிக்கனம்' என்று பதில் வருகிறது.

ஓசூரில் விவசாயிகளின் மனுக்களைக் கவனிக்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. ஹெட்கிளார்க் நஞ்சப்பா, குமாஸ்தாவாகிய நான், டைப்பிஸ்ட் ரோசலின் — அவ்வளவுதான். ஆபீசர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதுவும் சிக்கனம்தான்.

இந்த லட்சணத்தில் ஒரு சர்க்குலர் வந்தது. எங்கள் ஆபீஸில் இன்னும் ஓர் ஆளைக் குறைக்க வேண்டுமாம். தர்மபுரியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து, யாருக்கு வேலை குறைவு என்று பார்த்து முடிவு செய்வாராம்.

நானும் நஞ்சப்பாவும் ஒரே நேரத்தில் ரோசலின் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

பக்கத்து ஊர் மத்திகிரிப் பெண். அப்பா போன பிறகு வேலைக்கு வந்தவள். அம்மாவும், மிஷன் ஸ்கூலில் படிக்கும் இரண்டு தங்கைகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். வேலையோ தற்காலிகம். அதைவிடப் பெரிய கஷ்டம் — அந்த வேலையில் அவளுக்கு வேலையே கிடையாது!

காரணம் நஞ்சப்பாதான். அவருக்கு மிஷின் எழுத்தில் நம்பிக்கை இல்லை. "கையெழுத்துன்னா கேக்கறதுக்கு ஆள் இருக்குது. மிஷின்ல அடிச்சா யாரைப் போயி கேப்பே?" என்பார். முத்து முத்தாக அவரே எழுதிவிடுவார். அவரைப் பார்த்து நானும் எழுதுவேன். டைப்ரைட்டர் போர்வைக்குள் தூங்கும். ரோசலின் ஓசூர்க் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள்.

அன்று மத்தியானம் நஞ்சப்பா என்னை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் தமிழ், மனசு சரியில்லை என்றால் கன்னடம்.

"ஏனு மாடோதப்பா?" என்று ஆரம்பித்தார். என்ன செய்வது என்று கேட்கிறார். "அந்தாளு வந்து பாத்தா பொண்ணு ஸ்வெட்டர் பின்னிக்கினு இருக்கும். நேரா அது தலையிலதான் கை வெப்பான்."

"நாம எதுனா சொல்லிப் பாக்கலாமா சார்?"

"சொன்னா கேப்பானா? கண்ணுலதான் காட்டணும். இன்னையில இருந்து நீ எழுதாதே. நானும் எழுத மாட்டேன். எல்லாம் மிஷின்தான்!"

மறுநாளிலிருந்து ஆபீஸ் அதிர்ந்தது. தளிப் பக்கத்திலிருந்து வருகிற கன்னட மனு, சூளகிரிப் பக்கத்துத் தெலுங்கு மனு — எல்லாவற்றையும் நஞ்சப்பா தமிழில் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பழைய ஃபைல்களுக்கு நகல் அடித்தாள். அதுவும் தீர்ந்ததும், அரிசிக்கு எங்கே க்யூ குறைவு என்று என் மனைவிக்கு ஒரு குறிப்பு அடிக்கச் சொன்னேன்.

பாவம், அவள் மிரண்டுவிட்டாள். "சார், நான் எதுனா தப்புப் பண்ணிட்டேனா?" என்று நஞ்சப்பாவிடமே கேட்டாள். விஷயத்தைச் சொன்னால் அழுதுவிடுவாள் என்று நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

"மேல இருந்து ஆர்டர்ம்மா. அடி," என்றார் அவர். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். வாசல் பக்கமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். டைப்ரைட்டர் மூச்சு விடவில்லை.

"நீங்க என்ன பண்றீங்க?" என்றார் நஞ்சப்பாவிடம்.

"மேற்பார்வை சார்."

"நீங்க?"

"நான்... சாரோட மேற்பார்வையில இருக்கறேன் சார்."

அவர் எழுந்து போய், ரோசலின் அடித்து முடித்த ஒரு தாளை எடுத்துப் படித்தார். வயிறு சரியில்லாததால் நஞ்சப்பா அரை நாள் லீவு கேட்கும் விண்ணப்பம் அது. மூன்று காப்பி, கார்பனோடு.

எங்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு இல்லைன்னா ஆபீஸே நடக்காது போலிருக்கே?"

"ஆமா சார்!" — கோரஸாகச் சொன்னோம்.

"சரி, வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிடறேன்."

நஞ்சப்பா என் கையைப் பிடித்து நசுக்கினார். சந்தோஷத்தில் எனக்கு வலிக்கக்கூட இல்லை.

"ஆனா ஓர் ஆளைக் குறைச்சாகணுமே," என்றார் அதிகாரி. "யாரு வேலை இல்லாம உக்காந்திருக்காங்கன்னு காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

திட்டம் போட்டு ஒரு மாதம் சும்மா உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவருக்காவது இது உறைத்திருக்க வேண்டாமா?

அவர் சிரித்துவிட்டார். "வயித்து வலிக்கு எதுக்குய்யா மூணு காப்பி? எனக்குப் புரியாதுன்னா நினைச்சீங்க? அந்தப் பொண்ணை எடுத்தா அது வீட்டுக்குத்தான் போகணும். உங்கள்ல ஒருத்தரை எடுத்தா, மாத்தலாகி வேற ஊருக்குத்தானே போகப்போறீங்க? காட்டுப் பக்கம், ஜவளகிரியில ஓர் இடம் காலியா இருக்கு. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

"நான் போறேன் சார்," என்றார் நஞ்சப்பா. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவர். குளிர் என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். காட்டோரம் போய் என்ன செய்வார்?

"ஜூனியர் நான்தான் சார்," என்றேன்.

வீட்டில் மனைவி பெட்டி கட்டினாள். "ஒரு பொண்ணு வேலை செய்யறதைக் காட்டறேன்னு, நீங்க வேலை செய்யாததைக் காட்டிட்டு வந்தீங்களா?" என்றாள். பிறகு தன் நல்ல கம்பளியை மடித்து என் பெட்டியில் வைத்தாள். "சரி விடுங்க. அந்தப் பிள்ளைங்க சாப்பிடணும்ல."

அன்பாக ஒரு காரியம் செய்யும்போது நமக்குக் கணக்கு வருவதில்லை. வந்திருந்தால் செய்திருப்போமா?

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நஞ்சப்பா வந்திருந்தார். கூடவே ரோசலினும், மாதா கோயில் பூசை முடிந்து நேராக. மனுஷர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அவள் கண் சிவந்திருந்தது.

"அங்க டைப்பிஸ்ட் இருக்கறாங்களா சார்?"

"இல்லம்மா. எல்லாம் கையாலதான்."

"கை வலிச்சா எனக்கு அனுப்பிடுங்க சார். நான் அடிச்சு அனுப்பறேன்," என்றாள்.

சென்னை சர்க்காருக்கு எவ்வளவு பற்றாக்குறையோ தெரியாது. ஜவளகிரி பஸ் ஏறியபோது எனக்கு ஒரு குறையும் இல்லை... உட்கார சீட்டைத் தவிர!