கோமளா வைத்த சீர்

உடுமலைப்பேட்டையில் கோமளாவின் வீட்டுக்கு வழி கேட்டால், "மலைப்புள்ளைங்க இருக்கற ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பேர்தான் பெரிசு. எந்த வருஷமும் மூன்று பிள்ளைகளுக்கு மேல் அங்கே தங்கியதில்லை. இந்த வருஷம் ஒரே ஒருத்தி, மாசாணம்.

கோமளாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தாள். கல்யாணம் கூடிவரவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அம்மா போன பிறகு தெலுங்கில் பேச அண்ணன் சீனிவாசலு மட்டும்தான் மிச்சம், அவரும் தீபாவளிக்குத்தான் போன் செய்வார். மில்லை மூடியதும் அம்மா வழியில் வந்த உடுமலைப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒருமுறை கண் மருத்துவ முகாம்காரர்களோடு மலையேறியபோதுதான் ஈசல்தட்டைப் பார்த்தாள். ஜீப் போகும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்தால் முப்பது குடிசை, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்கப் பையன்கள் எப்படியோ கீழே இறங்கிவிடுவார்கள். பெண்களை அனுப்ப மாட்டார்கள். எங்கே தங்குவாள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் பேச்சு. "என்ற ஊட்டுல தங்கட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கோமளா வாய்விட்டாள். விட்ட வாயை அப்புறம் மூடவே இல்லை.

மாசாணம் ஆறாம் வகுப்புக்கு வந்தவள். இப்போது பத்தாவது. ஈசல்தட்டில் இவ்வளவு தூரம் படித்த பெண் வேறு யாரும் இல்லை. கோமளாவை அத்தை என்று கூப்பிடுவாள். விடியற்காலையில் அவள் வரலாற்றுப் பாடத்தைக் கத்திக் கத்திப் படிப்பது கேட்கும்போது கோமளா அடுப்படியில் சும்மாவேனும் நின்றுகொண்டிருப்பாள். வீட்டில் இன்னொரு குரல் இருக்கிறதே, அந்த சுகம்.

பிப்ரவரியில் லீவுக்குப் போன இடத்தில் பிள்ளை பெரியவளாகிவிட்டாள். ஊரோரக் குடிசையில் பதின்மூன்று நாள் தனியே இருக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். பரீட்சை மார்ச் கடைசியில்தான். கோமளா கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பிள்ளை பதினாலாம் நாள் தானாக இறங்கி வந்திருக்கும்.

ஆனால் சும்மா இருக்க முடிந்தால் அவள் கோமளா இல்லையே. கீழே நம் பக்கத்தில் பெண் பெரியவளானால் சீர் வரும், தட்டுத் தட்டாக வரும். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் கோமளா எத்தனையோ சீர் பார்த்திருக்கிறாள், பின்வரிசையில் நின்று. கல்யாணமாகாதவள் என்று ஒரு தட்டைக்கூட அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அந்த ஆற்றாமை முப்பது வருஷமாக உள்ளேயே கிடந்தது. பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல், தேங்காய், வெல்லம், பழம் என்று பதினோரு தட்டு நிரப்பினாள். பதின்மூன்றாம் நாள் காலையிலேயே ஜீப் பிடித்து, ஆள் வைத்துச் சுமக்கச் சொல்லி, குடிசை வாசலில் வரிசையாக வைத்தாள். மாசாணத்தின் கையில் அவளே வளையல் போட்டுவிட்டாள். அன்றைக்குக் கோமளாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாண வீட்டுக்காரி தோற்றாள்.

ஈசல்தட்டில் முதல் சீர் தாய்மாமனுடையது. அதை வைக்கிறவனுக்குத்தான் அந்தப் பெண்ணின் கல்யாணத்தைப் பேசி முடிக்கிற உரிமை. மாமன் சீர் கீழேயும் உண்டுதான், ஆனால் முந்தி வைத்தால் உரிமையே கைமாறும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், கோமளாவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அரை மணி கழித்து மாமன் ஒரு சேலையும் ஒரு படி தேனுமாக வந்து சேர்ந்தான். பதினோரு தட்டையும் பார்த்தான். சேலையையும் தேனையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

பதினாலாம் நாள் மாசாணம் வரவில்லை. ஒரு வாரமாகியும் வரவில்லை. பங்குனியில் அவளுக்கும் மாமன் மகனுக்கும் கல்யாணம் என்று ஜீப்காரர் செய்தி கொண்டுவந்தார். போன உரிமையை மாமன் அப்படித்தான் மீட்டுக்கொண்டான்.

போலீசுக்குப் போன் செய்யலாம். கோமளா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் ஏறினால் கல்யாணம் நிற்கும், ஆனால் அந்த ஊரிலிருந்து இன்னொரு பெண் பிள்ளை கீழே இறங்காது. நாலாம் வகுப்பில் மூன்று சின்னதுகள் இருக்கின்றன. போனை வைத்துவிட்டு மலையேறினாள்.

ஊர்க்கூட்டம் கூடியது. மாமன் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"அம்மா, நான் உசுரோட இருக்கறப்ப என் எடத்துல நீங்க எப்படி நின்னீங்க? நீங்க யாரு அவளுக்கு?"

ஊர் மூப்பன் நல்ல மனுஷன். யோசித்து ஒரு வழி சொன்னார். "அவன் மானம் போச்சு, அதான் கல்யாணமுன்னு நிக்கறான். உங்க சீர நீங்களே எடுத்துக்கங்க. எனக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஒண்ணுமில்லேன்னு எல்லாத்துக்கும் முன்னால சொல்லிருங்க. அப்புறம் அவன் சீர் வைக்கட்டும், பன்னெண்டு முடிக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம். புள்ள கவர்மென்ட் ஆஸ்டல்ல தங்கட்டும். நீங்க உறவுன்னு போய் நின்னீங்கன்னா மறுபடி இவன் கெளம்பிருவான்."

மாமன் தலையாட்டினான். மாசாணம் அம்மாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோமளா எழுந்து நின்றாள். "நான் இவளுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். மாசாணம் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பிள்ளை உடுமலையிலேயே ஆஸ்டலில் சேர்ந்தது. பரீட்சையும் தொடங்கியது. கோமளா அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்து பார்த்தாள். வீட்டில் குக்கர் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அந்த அமைதி அவளைத் தின்றது. கணக்குப் பரீட்சைக்கு மறுநாள் பொறுக்க முடியாமல் ஆஸ்டலுக்குப் போய்விட்டாள்.

வார்டன் பாத்திமுத்து ரிஜிஸ்தரை நீட்டினாள். "பேரு, அட்ரஸ், புள்ளைக்கு என்ன உறவுன்னு எழுதுங்க."

பேரை எழுதினாள். அட்ரஸை எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க, தெரிஞ்ச புள்ள. அவ்வளவுதான்."

"உறவில்லாம உள்ள உட முடியாதுங்களே."

"பரவால்லீங்க. கணக்கு நல்லா எழுதுனாளான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"நல்லா எழுதிருக்கறேன்னு சொல்லுச்சுங்க. கெட்டிக்காரப் புள்ள." பாத்திமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஞாயித்துக்கெழமையானா கேட்டுப் பக்கத்துல வந்து நின்னுக்குதுங்க. அத்தை வந்தாங்களா, அத்தை வந்தாங்களான்னு. உடுமலையிலதான் ஊடாம். உங்களுக்கு அவங்களத் தெரியுங்களா?"

இன்னும் இரண்டு பரீட்சை. அதற்கப்புறம் பன்னிரண்டு முடிய இரண்டு வருஷம். கோமளா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி ரிஜிஸ்தரின் மேல் வைத்தாள்.