மல்லிகா தானே சொன்னார்

"சார், நம்ம மல்லிகா மேடம்..." என்று போனில் இழுத்தார் அலுவலக நண்பர்.

"இன்னைக்கும் லீவா?" என்றேன்.

"இறந்துட்டாங்க சார். காலையில, மாரடைப்பு."

அடுத்தவர் சொல்ல வருவதை முந்திக்கொண்டு முடித்துவைக்கும் இந்தப் பாழாய்ப்போன பழக்கத்துக்காக மல்லிகா என்மேல் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறார்!

வேங்கிக்கால் அரசு அலுவலகத்தில் பதினோரு வருடம் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. அவருக்குத் திக்குவாய். சொந்தப் பெயர்தான் அதிகம் சிக்கும். புதிதாக வந்த அதிகாரி பெயர் கேட்டபோது, "ம... ம..." என்று நின்றார். "மஞ்சுளாவா?" என்றார் அதிகாரி. மல்லிகா சலித்துப்போய்த் தலையாட்டிவிட்டார். ஒரு மாதம் மஞ்சுளாவாகவே இருந்தார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

அதன்பிறகுதான் அவருக்குப் பிடிவாதம் வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வரும் பஸ்ஸில் சைகை காட்டியே டிக்கெட் வாங்கியவர், வாய்விட்டு ஊர்ப்பெயர் சொல்லத் தொடங்கினார். கண்டக்டர் கத்துவார், இவர் முடிக்காமல் விடமாட்டார். அதே பஸ்ஸில் வரும் நான் நெளிவேன். "கண்ணாடி முன்னாடி நல்லாத்தான் வருது சார். மனுஷங்களப் பாத்தாதான் நிக்குது. அப்ப மனுஷங்ககிட்டதானே பழகணும்?" என்பார்.

பெண்கள் கழிப்பறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. ஊழியர் கூட்டத்தில் மல்லிகா எழுந்தார். "என் பேரு ம... ம..." யாரோ சிரித்தார்கள். நான் பதறி எழுந்து, "மல்லிகா என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"உக்காருங்க சார். க... கஷ்டப்படறது நாங்க. நானே சொல்றேன்."

உட்கார்ந்தேன். அவர் தன் பெயரைச் சொன்னார். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியும், மனுவோடு வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளைப் பற்றியும் பேசினார். பல இடங்களில் பேச்சு நின்றது. காத்திருந்தோம். அதிகாரி அங்கேயே சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "திக்குவாயை விரட்டியடித்தவர்" என்றார். எங்கே விரட்டினார்? கடைசிவரை திக்கித்தான் பேசினார், யாருக்கும் பயப்படாமல். கூடவே இருந்தவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே!

நேற்று அவர் கணவர் வந்திருந்தார். "அவ உங்களப் பத்தி..." என்று தொடங்கி அழுதார். ஆறுதல் வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அவரே முடித்தார்: "தினமும் திட்டுவா சார். நீங்க உக்காந்த அன்னைக்கு மட்டும் சிரிச்சிக்கினே வந்தா."

மல்லிகாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு நாளைத்தான்.