ஒருமுறைக்கு மேல் வாசிக்க முடியாத பட்டியல்

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலைக்கு, நூல் நூற்கும் கூடத்தின் வெப்பமும் ஈரப்பதமும் கம்ப்யூட்டரில் தானாகப் பதிவாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊர் வெயிலில் கூடம் காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அங்கே ஷிப்ட் மேற்பார்வை பார்த்தவள் என் பள்ளித் தோழி. பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்ச்.

சி மொழியில் printf என்றொரு ஃபங்ஷன் உண்டு. எத்தனை எண்களைக் கொடுத்தாலும் வாங்கி எழுதும். அதற்கு மேலுறை மாதிரி நான் சொந்தமாக ஒன்று எழுதினேன். வருகிற எண்களை ஒரு பட்டியலாகப் பிடித்து முதலில் திரைக்கு அனுப்பும், பிறகு அதே பட்டியலை ஃபைலுக்கு. எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"ஏட்டி, திரையில சரியாத்தான் வருது. ஃபைலுலதான் கோட்டி புடிச்ச மாதிரி இருக்கு. ஈரப்பதம் முப்பத்திரண்டாயிரம் சதவீதமாம்."

"நீ வேற எதையாவது திறந்திருப்ப," என்றேன்.

"எனக்கு ஃபைல் திறக்கத் தெரியும்," என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க அது உறுத்தியது. மறுநாள் காலை முதல் டவுன் பஸ்ஸில் போனேன். அவள் சிரிக்கவில்லை. மீட்டரைப் பார்த்துக் கையால் எழுதி வைத்திருந்த நோட்டைத் திரைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"ஃபைலுல எழுத்தெல்லாம் சரியா இருக்கு பாரு. எண்ணு மட்டுந்தான் கோளாறு. உன் புரோகிராம் முதல்ல எங்கன எழுதுது?"

"திரையில."

"அப்ப ரெண்டாவது தடவதான் கெடுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்தால் தீர்ந்துவிடும். இரண்டாம் முறை வாசித்தால் வருவதெல்லாம் குப்பை. திரைக்கு அனுப்பும் முன்பே va_copy போட்டு நகல் எடுத்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படித்ததுதான். அங்கேயே உட்கார்ந்து சேர்த்தேன். ஃபைலில் ஈரப்பதம் ஐம்பத்தெட்டு என்று வந்தது. நோட்டிலும் அதேதான்.

"நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றேன்.

"கூடாதுதான். இனிமே முதல்ல கேளு, பெறவு பேசு." இப்போது சிரித்தாள். "ஆனாலும் ஒரு வாரம் நோட்டுலயும் எழுதத்தான் செய்வேன். உன்னய நம்ப முடியாது."

சொன்னபடியே எழுதினாள். எட்டாம் நாள் ஒரு போட்டோ அனுப்பினாள். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் டிக். அடியில் எங்கள் கணக்கு டீச்சரின் கையெழுத்து மாதிரியே சாய்த்து எழுதியிருந்தாள்: "பரவாயில்லை."