மதினிக்குச் சொன்ன பதில்

நாற்பது வயதை நெருங்கும்போதுதான் முதல்முறையாக உண்டாகியிருந்தேன். என் மதினி, கணவரின் அக்கா, என்னைச் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என்னிடம் கேட்டதற்கெல்லாம் மதினியே பதில் சொன்னார். எனக்கு எங்கே வலிக்கிறது என்பதைக்கூட அவர்தான் சொன்னார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தடுப்பூசிக்காக எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே பிரசவமும் பார்க்கும் நர்சம்மா இருந்தார். மதினி வாயைத் திறந்ததும், "மாசமா இருக்கது நீங்களாம்மா? அவங்க சொல்லட்டும்" என்றார். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வளைகாப்பன்று சொந்தக்காரர்கள் நடுவே மதினி, "பிரசவம் பிரைவேட்லதான், ரூம் சொல்லியாச்சு" என்றார்.

"நான் அங்கன வரல மதினி. நர்சம்மாகிட்டதான் பாப்பேன்."

"ஏட்டி, ஒனக்கு வாய் எப்ப மொளச்சுது? இந்த வயசுல வெளையாடுதியா?"

"வயசுக்குத் தக்கனதான் அவுக பாக்காவ. பெரிய டாக்டர் வேணும்னா அவுகளே அனுப்புவாவ. பெறப்போறது நான்லா."

சொன்னதை மாற்றிக்கொள்ளாமல், அடுத்து சந்தனம் பூச வந்தவரிடம் கன்னத்தைக் காட்டினேன்.