தன்லின் குன்றில் கூரையில்லாத தேவாலயம்

அன்று அக்காவிடம் நான் சொல்லாதது இதுதான்: பாழடைந்த தேவாலயத்துக்குள்ளிருந்து யாரோ தமிழில் பதில் சொன்னது எனக்குக் கேட்டது.

நவம்பரில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாங்கூனிலிருந்து தன்லினுக்குப் போனோம். அக்காவுக்கு ஆறு மாதம். யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில்பாதையை ஒட்டிய எங்கள் ஒற்றை அறையில் தொட்டில் கட்ட இடமில்லை. தேவாலயக் குன்றின் சரிவில் ஒரு வீடு வாடகைக்கு இருப்பதாக அத்தான் கோ மின் கேள்விப்பட்டிருந்தார். வீட்டைப் பார்க்க அவர்கள், இடிபாட்டைப் பார்க்க நான்.

டாக்சிக்கு இருபதாயிரம் கியாட். பாகோ ஆற்றுப் பாலம் தாண்டி முக்கால் மணி நேரம். (பஸ் மலிவு. கர்ப்பிணியோடு வேண்டாம்.) ஒரு காலத்தில் போர்ச்சுகீசியர் கையில் இருந்த துறைமுகம் தன்லின். பின்னால், பதினெட்டாம் நூற்றாண்டில், இத்தாலியப் பாதிரிமார் கட்டியது இந்தத் தேவாலயம். செங்கல் சுவர்கள் நிற்கின்றன. தரையில் எழுத்து தேய்ந்த கல்லறைப் பலகைகள். உள்ளே காலடி வைத்ததும் சாலையின் இரைச்சல் நின்றுவிடுகிறது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

வீடு அக்காவுக்குப் பிடித்துவிட்டது. காற்றோட்டமான இரண்டு அறை, கொல்லையில் கொய்யா. பிறகுதான் இடிபாட்டுக்கு வந்தோம். கர்ப்பிணி கல்லறைப் பக்கம் போகக்கூடாது என்று அவள் வாசலிலேயே நின்றாள்.

அத்தான் பர்மியர். எங்கள் வீட்டில் அவர் முதலில் கற்ற தமிழ், விடைபெறும் மரியாதை. கிளம்பும்போது வாசலில் அக்கா பக்கத்தில் நின்று கல்லறைகளைப் பார்த்துக் கைகூப்பி, “போய்ட்டு வாரேன்” என்றார்.

அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “ஐயோ, கோ மின்! செத்தவங்ககிட்ட வாரேன்னு சொல்லுவாங்களா? எழவு வீட்ல சொல்லிக்காமத்தான வருவோம்!”

“சொல்லாம போனா ஒங்கப்பா ஏசுவாரே.”

“எங்கப்பா உயிரோட இருக்காருய்யா!”

சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கினார்கள். பின்னால் நின்ற எனக்குத்தான் கேட்டது. பீடம் இருந்த பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், வழியனுப்புகிற தொனியில்: “வாங்க.”

சுவரைச் சுற்றி நடந்து பார்த்தேன். யாரும் இல்லை.

“என்னடி, மொகம் வெளுத்துருச்சு?”

“வெயில்க்கா.”

பேய்க்கதைகள் நிறையப் படிப்பவள் நான். என் காதை நானே நம்பவில்லை. தவிர, அக்கா அதற்குள் திரைச்சீலை நிறம் பேச ஆரம்பித்திருந்தாள்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். புல்லில் பாம்பு உண்டு, மூடிய செருப்பு வேண்டும். இன்னொரு குன்றில் சைக்காவ் பகோடா இருக்கிறது. அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம். தேவாலயத்தை விட்டு வரும்போது மட்டும் எதுவும் பேசாமல் வாருங்கள்.

டிசம்பரில் அந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது, நலமாக இருக்கிறாள். ஏப்ரலில், திங்ஜான் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்பே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்கள். மிச்சச் சாமான்களை எடுக்க அத்தான் இன்னும் போகவில்லை.