அமெரிக்கக் கவர்னரும் எங்கள் வீட்டு நிச்சயதாம்பூலமும்

என் மூத்த பெண்ணின் நிச்சயதாம்பூலம் ஓர் அமெரிக்கக் கோர்ட்டின் தீர்ப்புக்காகத் தள்ளிவைக்கப்பட்டது என்று சொன்னால், என்னை அறிந்தவர்கள் நம்புவதில்லை. பொதுவாகவே நான் சொல்லும் எதையும் அவர்கள் நம்புவதில்லை. அதற்குக் காரணம் நான்தான். ஆனால் இது நடந்தது. சாட்சிக்கு என் மனைவி இருக்கிறாள். எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆகவே அவள் வார்த்தையைத் தாராளமாக நம்பலாம்.

அப்போது திருவனந்தபுரத்தில், வஞ்சியூர் கோர்ட்டுக்கு அருகே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருப்பு கோட்டைக்குள், சாயங்காலம் பழவங்காடியில் ஒரு காப்பி கிளப். அங்கே மெட்ராஸ் இங்கிலீஷ் பேப்பர் ஒரு நாள் தாமதமாக ரயிலில் வந்து சேரும். அதை உரக்கப் படித்துத் தமிழில் சொல்வது என் உத்தியோகம். சம்பளம் ஒரு டம்ளர் காப்பி.

அந்த வருஷம் பேப்பரில் ஓர் அமெரிக்கக் கவர்னர் வந்து உட்கார்ந்துகொண்டான். எங்கோ ஒரு மாகாணம். பெயரை நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தேன். ஏழைகளுக்கு ரோடு போட்ட புண்ணியவான் என்று பாதி ஜனங்கள் அவனைக் கும்பிட்டார்கள். ரோட்டுக் காண்ட்ராக்டை மைத்துனனுக்குக் கொடுத்த திருடன் என்று மறு பாதி திட்டினார்கள். கோர்ட்டில் கேஸ் நடந்தது. அவனோ கோர்ட்டுப் படியிலேயே நின்று பிரசங்கம் செய்தான்.

அமெரிக்கா இரண்டாகப் பிரிந்ததோ இல்லையோ, எங்கள் காப்பி கிளப் பிரிந்துவிட்டது. கவர்னர் கட்சிக்குத் தலைவர் ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சி.

“ரோடு போட்டானா இல்லையாவே? அதச் சொல்லும் மொதல்ல.”

“போட்டான் அண்ணாச்சி.”

“போட்டாம்லா? பெறவு மச்சினன் போட்டா என்ன, மாமன் போட்டா என்ன? வண்டி போவுதா இல்லையா?”

எதிர்க்கட்சிக்கு நான் தலைவன். கொள்கை என்று ஏதும் இல்லை. ஒருவனைத் திருடன் என்று சொன்னால் சிரிப்பு அதிகம் கிடைக்கிறது, அவ்வளவுதான். “இதேது, மருமகனுக்குக் கொடுத்தால் இந்த ஊரில் சட்டம். பாவம், மைத்துனனுக்குக் கொடுத்தானே, அதுதான் குற்றம்” என்று ஒரு நாள் சொன்னேன். சொத்து மருமகனுக்கே போகும் மருமக்கத்தாயக் குடும்பத்துக்காரரான என் வக்கீல் காதுக்கும் அது போயிற்று. அவர் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

இந்த நிலையில்தான் பெண்ணுக்கு வரன் அமைந்தது. பையன் செக்ரடேரியட்டில் வேலை. அவன் அப்பா மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ரிடையர் ஆனவர். நெடுமங்காட்டுப் பக்கமே உத்தியோகம் பார்த்துவிட்டு, பிற்பாடு இங்கே குடிவந்தவர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணையும் பார்த்தாகிவிட்டது, இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. நிச்சயதாம்பூலத்துக்கு நாள் குறிக்க அவரும் அவர் மனைவியும் எங்கள் ஆத்துக்கு வந்தார்கள்.

என் மனைவி நேந்திரங்காய் வறுவலும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் காப்பியை எடுத்துக்கொண்டார். பேசவில்லை. நானும் கொஞ்சம் பொறுத்தேன். எனக்கு மௌனம் ஆகாது. மற்றவர்களுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது போல. உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும்.

“பேப்பர் பார்த்தேளா? நம்ம அமெரிக்காக்காரன் கேஸ்!” என்றேன்.

“பாக்கறதுண்டு.”

“நெருப்பில்லாம புகையுமா, சொல்லுங்கோ. இத்தனை பேர் திருடன்னு சொன்னா ஒருத்தன் சொல்றதாவது நிஜமா இருக்காதா? அங்கேயெல்லாம் ஓவர்சியரா இருந்தாத்தான் யோகம். கலுங்குக்குப் போடற சுண்ணாம்பை வெத்தலையிலே தடவிண்டு, மிச்சத்துக்கு மணலைக் கொட்டி மூடிடலாம். மழை வந்து சாட்சி சொன்னாத்தான் உண்டு!”

கலுங்கு என்றால் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டும் சின்னப் பாலம். ஓவர்சியர் என்பதால் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, அவருடைய தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவர் டம்ளரை டபராவில் வைத்தார். அதில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது.

“அந்தக் கேஸிலே தீர்ப்பாயிடுத்தோ?”

“இல்லை, நடந்துண்டிருக்கு.”

“அப்போ அது முடியட்டும். பின்னே நாம நாள் பாக்கலாம்.”

எழுந்துவிட்டார். அவர் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு அவர் பின்னாலேயே போனாள். நான் கூடத்தில் நின்றேன். பாதி டம்ளர் காப்பிக்கு முன்னால் கைகூப்பி நின்றேன் என்று என் பெண் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

“ஏன்னா,” என்றாள் மனைவி. “நாட்டிலே எத்தனையோ பேர் கல்யாணம் மழையாலே நின்னிருக்கு, சாவாலே நின்னிருக்கு. அமெரிக்காவாலே நின்னது நம்மாத்திலேதான்.”

“எந்தா அப்பா,” என்றாள் பெண், அவள் பள்ளிக்கூடத்து மலையாளத்தில் ஆரம்பித்து, “எனக்கு மாமனார் இந்த ஊரா, இல்லை அமெரிக்காவா? தெரிஞ்சா நமஸ்காரம் பண்ற திக்காவது தெரியும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சமையலுள்ளுக்குப் போகும்போது அந்த டம்ளரை அவளே எடுத்துப் போனாள், மெதுவாக, தளும்பாமல். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மற்ற தகப்பன்மாராக இருந்தால் ‘கேஸ் முடியட்டும்’ என்பதைக் கேட்டுத் தைரியமாக இருந்திருப்பார்கள். நான் வக்கீல் குமாஸ்தா. கேஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸில் ஒரு வேலித் தகராறு இருந்தது; தாத்தா போட்ட வழக்கைப் பேரன் நடத்திக்கொண்டிருந்தான்; நடுவில் வேலியே செல்லரித்து விழுந்துவிட்டது. அமெரிக்காவில் வாய்தா உண்டா என்று வக்கீலிடம் கேட்டேன்.

“வாய்தா இல்லாத கோர்ட் உண்டோடோ?” என்றார். “பின்னே, தோத்தால் அப்பீல் போவானே. அதுக்கு மேலே வேறொரு கோர்ட் உண்டு. அதுக்கும் மேலே வாஷிங்டன். ஏன்டோ, தனக்கு அங்கே சொத்து வஸ்து ஏதும் உண்டோ?”

எனக்கு அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். வெள்ளைத் தலைமுடியோடு மணையில் உட்கார்ந்திருக்கும் என் மகளும், கோலூன்றிக் கொண்டு கன்னிகாதானம் செய்யும் நானும் கண்முன்னே வந்து போனோம்.

அவன் விடுதலையானால்தான் அப்பீல் இல்லாமல் கேஸ் முடியும் என்று கணக்குப் போட்டு, அன்று சாயங்காலமே கட்சி மாறினேன். காப்பி கிளப்பில் எழுந்து நின்று, கவர்னர் நிரபராதி, அவன் மைத்துனன்கூட ஓரளவு நிரபராதிதான் என்றேன்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்னவே, நேத்து திருடம்னீரு, இன்னைக்கு உத்தமங்கீரு. அமெரிக்காவுலேருந்து மணியார்டர் வந்துட்டோ?”

கிளப் முழுக்கச் சிரித்தது. அதுதான் முதல் அபாயச் சங்கு, எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டுப் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனேன். எங்கள் ஊரில் யார் மேல் கேஸ் வந்தாலும் முதல் வக்காலத்து அவருக்குத்தான். ஜெயித்தால் கருங்கல்லில் தேங்காய் சிதறும். கவர்னர் விடுதலையானால் நூற்றியெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அமெரிக்காவிலிருக்கிற ஆளைப் பிள்ளையார் எப்படி அடையாளம் கண்டுகொள்வார் என்ற கவலை வந்தது. அவன் பேருக்கே ஓர் அர்ச்சனை செய்துவிட்டால் குழப்பம் இராது என்று பூஜை செய்யும் போற்றியிடம் போனேன்.

“பேரு?” என்றார் போற்றி.

சொன்னேன்.

“இதேது ஸ்வாமீ, இது ஆளா, மருந்தா?”

“ஆள்தான். கவர்னர்.”

“நாளு?”

நட்சத்திரம்! பேப்பரில் அவன் உயரம் போட்டிருந்தான், தொப்பி அளவு போட்டிருந்தான், நட்சத்திரம் போடவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ கனைத்தார்கள். ஆண் மூலம் அரசாளும் என்பார்களே, கவர்னருக்கு வேறென்ன நட்சத்திரம் இருக்க முடியும்?

“மூலம்,” என்றேன்.

பின்னால் மறுபடியும் அதே கனைப்பு. திரும்பினேன். பிரசாதத் தொன்னையோடு ஓவர்சியர் நின்றுகொண்டிருந்தார். அர்ச்சனை முழுவதையும் கேட்டிருக்கிறார்.

நான் பல்லை இளித்தேன். பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும், பிறவிக் கோளாறு. அவர் என் முகத்தைப் பார்த்தார். “ஸ்வாமி சந்நிதியிலேயும் விளையாட்டுத்தானா, சார்?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் ஆயுளில் நான் ஒரு தடவைதான் விளையாடாமல் சாமி கும்பிட்டேன். அதைத்தான் அவர் விளையாட்டு என்றார். நாற்பது வயது வரைக்கும் நான் பாடுபட்டுச் சேர்த்த பேர் அப்படி.

அதற்கப்புறம் நான் காப்பி கிளப்புக்குப் போகவில்லை. பேப்பர் எனக்குத் தேள் மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் பேப்பரே என்னைத் தேடி வந்தது. அண்ணாச்சி மண்டியை அப்படியே விட்டுவிட்டு, அதைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் முகத்தைப் பார்த்தால் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

“நம்மாளுக்கு செயில் போட்டுட்டாம்லா,” என்றார். துக்கம் கேட்க வந்தவர்போலத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். “ஆனா பாத்தீராவே, கோர்ட்டுக்கு வெளிய சனம் அவனத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போச்சாம். ரோடு போட்டாம்லா.”

மனைவி என்னைப் பார்த்தாள். “போயிட்டு வாங்கோ,” என்றாள். எங்கே என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓவர்சியர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். வழி நெடுக மூன்று நான்கு ஹாஸ்யம் தயார் செய்துகொண்டுதான் போனேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. மௌனமாக இருந்தேன். அரிக்கவுமில்லை.

“தண்டனை ஆயிடுத்து,” என்றேன் கடைசியில்.

“பாத்தேன்.”

“நான் அன்னைக்கு சந்நிதியிலே விளையாடலை. நிஜமாத்தான் வேண்டிண்டேன். நட்சத்திரம் மட்டும் உத்தேசம்.”

அதன்பின் அவர், நான் அவரிடம் அதுவரை கேட்டிராத அளவுக்குப் பேசினார்.

“பொன்முடிப் பாதையிலே ஒரு கலுங்கு. நான் கட்டினது. ஒரு எடவப்பாதி மழையிலே மலையே பேர்ந்து மேலே விழுந்தது. சுண்ணாம்பைத் தின்னுட்டேன்னு என் மேலே கேஸ். சஸ்பெண்டு பண்ணினா. தீர்ப்பு வர வருஷக்கணக்காச்சு. கோர்ட்டிலே ஜட்ஜ் வாயைத் திறக்கறதுக்குள்ளே தெருவிலே எல்லாரும் தீர்ப்புச் சொல்லிட்டா. அடுத்தாத்துச் சீமந்தத்துக்கு இவளைக் கூப்பிடலை. பின்னே விடுதலையாச்சு. ‘விடுதலைதான், ஆனாலும்…’ன்னா. அந்த ‘ஆனாலும்’ இன்னும் தீரலை.”

அன்று கூடத்தில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. சுண்ணாம்பு. வெற்றிலை. மழை சாட்சி. திட்டம் போட்டு அடித்தால்கூட இப்படிக் குறி பார்த்து அடிக்க முடியாது.

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

“தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உங்காத்து மாமிக்குத் தெரியும். இவள் முன்னாடியே சொல்லியிருக்கா.”

“அந்தக் கவர்னர்…”

“அவன் எனக்கு யாரு? திருடனா இருந்தாலும் இருப்பான். நான் என்ன கண்டேன்? அவன் ஜெயிக்கணும்னு சொன்னேனா? கேஸ் முடியட்டும்னேன். முடிஞ்சுடுத்து. பஞ்சாங்கம் இருக்கா சார் உங்காத்திலே?”

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

“அப்பீல் போவானாம்,” என்றேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் உதடு ஒரு பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டது. அதைச் சிரிப்பு என்று என்னால் பிரமாணம் செய்ய முடியாது; வழக்குக்குப் போதுமான சாட்சியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன். “தெரிஞ்சிருந்தும் நீ ஏன் சொல்லலை?”

“உங்ககிட்டேயா?” என்றாள் அவள். “சொன்னா அன்னைக்கே காப்பி கிளப்பிலே அதுக்கொரு ஹாஸ்யம் தயாராயிருக்கும். சொல்லாமலேயே தயாராயிடுத்து, அது என் தலையெழுத்து.”



நிச்சயதாம்பூலம் நல்லபடி நடந்தது. மறுநாள் தேங்காய்ப் பிரச்சினை கிளம்பியது. நான் வேண்டிக்கொண்டது கவர்னர் விடுதலைக்கு; அது நடக்கவில்லை; ஆகவே பிள்ளையாருக்கு நான் பாக்கி இல்லை என்று சட்டம் பேசினேன். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று தானும் நூற்றியெட்டு வேண்டிக்கொண்டிருப்பதாகவும், அது பலித்துவிட்டதாகவும் மனைவி சொன்னாள். உடைக்க வேண்டிய கை என்னுடையது. சாலைக் கடையிலிருந்து தேங்காய் மூட்டை வந்தது. அண்ணாச்சியும் வந்தார். சம்பந்தியும், கூப்பிடாமலேயே, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி எறிந்தோம். தோள் கழன்றது. மூட்டை காலியானபோது அவர் தன் பையிலிருந்து தனியாக ஒரு தேங்காயை எடுத்தார்.

“இது அவனுக்கு. அப்பீல் இருக்கே,” என்றார். என்னிடம் நீட்டினார்.

பலங்கொண்ட மட்டும் எறிந்தேன். கல்லில் பட்டு, உடையாமல், உருண்டு திரும்பி எங்கள் காலடிக்கே வந்து நின்றது.

“லேசிலே உடையற ஆளில்லைவே அவன்!” என்று கத்தினார் அண்ணாச்சி.

சம்பந்தி குனிந்து அதை எடுத்தார். எடுத்தவர் நிமிரவில்லை. தோள் குலுங்கியது. என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு கிட்டே ஓடினேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வர, சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.